முகூர்த்தத்தன்று கொதித்த சக்கரம்

சக்கரத்தின் நடுவிலிருந்த ஹப்பின் மேல் அத்திம்பேர் தெளித்த தண்ணீர், தோசைக்கல்லில் விழுந்தாற்போல் சுரீரென்று மறைந்தது. எழுபதுகளின் நடுவில் ஒரு வறண்ட கோடை. மயிலாப்பூர்க் கிணறுகளில் சேறுதான் மிச்சம். அன்று காலை, என் அக்காவின் கணவரான அத்திம்பேரின் மூத்த பெண்ணுக்குக் கல்யாணம். சமையலுக்கும் பந்திக்குமான தண்ணீர் முழுவதும் அபிராமபுரத்துத் தெருவோரம் நின்றுபோன இந்த டிரெய்லரின் தொட்டிக்குள் இருந்தது. அதை இழுத்துவந்த ஜீப்பின் டிரைவர் மயிலாப்பூர் மண்டபத்துக்கு ஓடிவந்து சொல்ல, பெண்ணின் அப்பாவும் தாய்மாமனான நானும் பஞ்சகச்சத்தோடு வந்து நின்றிருந்தோம்.

ராணுவம் வேண்டாமென்று கழித்த டிரெய்லரை அத்திம்பேர் ஏலத்தில் எடுத்து, வீடு கட்டுகிறவர்களுக்குத் தண்ணீர் ஓட்டிக்கொண்டிருந்தார். அரசாங்க ஒர்க்‌ஷாப்பில் என்ஜினீயராக இருந்த என்னிடம் யோசனை கேட்பதை அவர் கௌரவக் குறைச்சலாக நினைத்தார். கேட்காமலே சொல்வதை நான் கடமையாக நினைத்தேன். கல்யாணத்துக்காக முதல் நாள்தான் இரண்டு சக்கரங்களையும் தாமே கழற்றி கிரீஸ் போட்டிருந்தார்.

"இன்னா சாமி, பொகையுது பாரு. இப்டியே இஸ்துக்கினு போனா சக்கரம் நமக்கு முன்னாடி மண்டபம் போய் சேந்துரும்" என்றார் டிரைவர்.

"மெதுவா விடுப்பா. முகூர்த்தம் போயிண்டிருக்கு" என்றார் அத்திம்பேர்.

நான் ஜீப்பின் முன்னால் போய் நின்றுகொண்டேன். "வழியெல்லாம் ஜனங்க நடக்கறா, அத்திம்பேர். கழட்டிப் பாக்காம நகர விடமாட்டேன்."

"உன் ஆபீஸ் சட்டத்தை ஆபீஸ்லயே வெச்சுக்கோ" என்றார். ஆனால் என்னைத் தள்ளவில்லை.

விதிப்படி, ஜாக்கி போடுமுன் தொட்டியைக் காலி செய்ய வேண்டும். அன்று அந்த விதியை வாய்விட்டுச் சொல்லும் துணிச்சல் எனக்கு வரவில்லை. அச்சின் கீழ் பலகையும் கருங்கல்லும் அடுக்கினோம். ஜாக்கி முனகியபடி ஏறியது. உள்ளே தண்ணீர் ஒருபக்கம் சாயும் சத்தம் கேட்டு மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம்.

வலப்பக்க ஹப்பின் மூடி திருகு வைத்தது. புகைந்த இடப்பக்கத்தில் கிண்ணம்போல் அடித்துச் செருகிய மூடி. ஏதோ ஒரு முகாமில், வேறு வண்டியின் ஹப்பை இங்கே மாட்டி அனுப்பியிருக்கிறார்கள். வலப்பக்கத்தில் இரண்டு நட்டுகள்: உள்ளே இருப்பது பேரிங்குக்கு, வெளியே இருப்பது அதைப் பூட்டி நிறுத்துவதற்கு. வெளி நட்டை முழுப் பலத்தோடு இறுக்கலாம்; பேரிங்மேல் அழுத்தம் விழாது. இடப்பக்கத்தில் இருந்ததோ பேரிங்கை நேரே அழுத்தும் ஒரே நட்டு, அது கழலாமல் குறுக்கே ஒரு பின். அத்திம்பேர் அதையும் முழுப் பலத்தோடு இறுக்கியிருந்தார். பேரிங் திணறி வெந்துவிட்டது.

"ரெண்டும் ஒண்ணுன்னுதானேடா நெனச்சேன்" என்றார், சக்கரத்தைப் பார்த்தபடியே.

மண்ணெண்ணெயில் கழுவிப் பார்த்தோம். பேரிங் உருளைகள் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தன, குழி விழவில்லை. மாற்றுவதுதான் முறை. மாற்று ஏது? கிரீஸை உள்ளங்கையில் எடுத்து உருளைகளுக்குள் அவரே அழுத்தினார். நான் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பிறகு சற்றே தளர்த்தினேன். அவர் என் கையைப் பிடித்தார்.

"இறுக்கினதை ஏண்டா தளத்தறே? கழண்டுடாதா?"

"கழலாது. பின் பிடிச்சுக்கும்."

வண்டி மாட்டுவண்டியின் வேகத்தில் நகர்ந்தது. அத்திம்பேர் ஜீப்பில் ஏற மறுத்துக் கூடவே நடந்தார். முனைக்கு முனை நிறுத்தச் சொல்லி, குனிந்து ஹப்பில் கையை வைத்தார். முதலில் "சுடலே" என்றார். அடுத்து "வெதுவெதுங்கறது" என்றார். கோயில் குளத்தங்கரை வந்தபோது கையை வைத்தபடியே நின்றார். கடைசியில் நிமிர்ந்து, "அதே சூடுதான், போலாம்" என்றார்.

மண்டபத்து வாசலில் அக்கா அழவும் தெம்பில்லாமல் நின்றிருந்தாள். சாஸ்திரிகள் நேரம் போகிறது என்று பதறினார். கிரீஸ் தண்ணீருக்குப் போகிற வஸ்து இல்லை. டிரைவரின் பாட்டிலில் மிச்சமிருந்த மண்ணெண்ணெயைத் தேய்த்துக் கையைத் துடைத்துக்கொண்டு, அத்திம்பேர் பெண்ணை மடியில் உட்காரவைத்துத் தாரை வார்த்தார்.

அவர் போய் வெகுகாலம் ஆகிறது. பேத்தி எடுத்துவிட்ட அந்தப் பெண் போன மாதம் அடையாறில் என் வீட்டுக்கு வந்திருந்தாள். பேச்சு எப்படியோ அன்றைக்குப் போயிற்று.

"அப்பா வரமாட்டார்னே முடிவு பண்ணிட்டேன், மாமா. தலையை நிமித்திப் பாக்கக்கூட பயம். பின்னாலேர்ந்து குப்புனு மண்ணெண்ணெய் வாசனை வந்தது. அப்பறம்தான் எனக்கு மூச்சே வந்தது."