எனக்கு மேல் ஆளில்லை என்றொரு கடிதம்

கொன்ட்ராக்டர் தொழிலில், ஒரு இடத்தில் கதிரை சூடாவதற்குள் அடுத்த இடத்துக்கு எழும்பிவிட வேண்டும். என்னைப்போல் காலை ரயிலில் கம்பியில் தொங்கிக்கொண்டு போகிறவர்களே, இது உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். பழைய கம்ப்யூட்டரில் கிடக்கும் கோப்புகளைப் புதியதற்கு மாற்றிக் கொடுப்பது என் வேலை. ஏஜென்சி இடம் பிடித்துத் தரும். சம்பளம், எங்களைப் போன்றவர்களுக்குச் சம்பளக் கணக்கும் வரியும் பார்க்கும் அம்பிரெல்லா கம்பனி வழியாக வரும். கடதாசியில் நான் அந்தக் கம்பனியின் ஊழியர். அதன் வாசல் எந்தப் பக்கம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வால்தம்ஸ்டோவிலிருந்து குரோய்டன்

பதினொரு இடம் மாறிப் பன்னிரண்டாவதாகக் கிடைத்தது குரோய்டன். முதலில் பாதாள ரயில், பிறகு மேல் ரயில், அதற்குப் பிறகு ட்ராம். வீடிருக்கும் வால்தம்ஸ்டோ லண்டனின் ஒரு நுனி; அங்கே ஏறி மறு நுனியில் இறங்குகிறேன். முன்பெல்லாம் இப்படித் தற்காலிக இடங்களுக்குப் போய்வரும் செலவுக்கு எங்களுக்கு வரிச் சலுகை இருந்தது. பிறகு சட்டம் மாறியது. வேலை செய்யும் விதத்தை மேற்பார்வை செய்ய ஒருவர் இருந்தால், மூன்று மாத வேலையானாலும் அந்த இடம்தான் உங்கள் நிரந்தர வேலைத்தலம். அங்கே போகிற செலவு உங்கள் தலையில்.

எதிர் மேசையில் இருப்பவர் மதுரைப் பரந்தாமன். அவரும் என்னைப்போல் கொன்ட்ராக்டர்தான். இதை விளக்கிச் சொன்னதும் தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டுச் சிரித்தார். "மூணு மாசத்துல நம்மளைத் தூக்கிடுவாங்கன்னு நமக்குத் தெரியுது அக்கா. வரி ஆபீசுக்கு மட்டும் நாம குரோய்டன்லயே பொறந்து வளர்ந்தவங்க!"

சோபா

மேலே ஒருவரும் இல்லையென்று காட்டினால் சலுகை இன்னும் உண்டு என்று எங்கோ வாசித்தேன். அதை வீட்டில் வாய்விட்டுச் சொன்னது என் பிழை. பயணக் காசு முழுவதும் திரும்பி வரப்போகிறது என்று நினைத்துக்கொண்டு என் மனுசன் கடைக்குப் போய் சோபா பார்த்துவிட்டு வந்துவிட்டார். திரும்பி வருவது டிக்கெட் காசு இல்லை, அந்தக் காசின் மேல் கட்டிய வரி மட்டும்தான் என்று மெல்ல எடுத்துச் சொன்னேன். உடனே கணக்கை மாற்றினார். "அப்ப சோபா இல்லை. குஷன் வாங்கலாம், என்ன?"

உதவி இலக்கம்

அம்பிரெல்லா கம்பனிக்கு அழைத்தேன். அரை மணிநேரம் பாட்டுக் கேட்க வைத்த பிறகு ஒரு பெண்பிள்ளை எடுத்தாள். என் பெயரைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினாள். "அன்ரி, உங்களை ஆராவது சுப்பவைஸ் பண்றாங்களா?"

"இல்லைப் பிள்ளை. நானே போறன், நானே செய்யிறன், நானே வாறன். இப்பிடிச் செய், அப்பிடிச் செய் எண்டு ஒருத்தரும் சொல்லுறேல்லை."

எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அவள் விடவில்லை. "சொல்றாங்களா எண்டதில்லை அன்ரி, சொல்ல உரிமை இருக்கா எண்டதுதான் கேள்வி. அப்பிடி ஒருத்தருக்கும் உரிமை இல்லையெண்டு நீங்க வேலை செய்யிற இடத்திலயிருந்து ஒரு கடிதம் வேணும்."

அருள்நாதன் அண்ணை

கடிதம் தரவேண்டியவர் அருள்நாதன் அண்ணை. மன்னார்க்காரர், ஐம்பத்தெட்டு வயது, எங்கள் பிரிவின் சுப்பவைசர், நிரந்தர ஊழியர். நான் வந்தபோது என்னோடு சேர்த்து அவருக்குக் கீழே ஆறு பேர். ஐந்து பேர் ஒவ்வொருவராகப் போய், நான் மட்டும் மிஞ்சினேன். பரந்தாமன் வேறு பிரிவு. புதிய சிஸ்டம் அண்ணைக்குப் பிடிபடவில்லை, அதை அவர் மறைப்பதுமில்லை. காலையில் என் மேசைக்கு வந்து "என்ன தங்கச்சி, எல்லாம் ஓடுதோ?" என்பார். "ஓம் அண்ணை, ஓடுது" என்பேன். அன்றைய மேற்பார்வை அத்துடன் முடிந்தது.

ஆகவே துணிந்து நானே இரண்டு வரி டைப் செய்து கொண்டுபோய் நீட்டினேன். இவருடைய வேலையை மேற்பார்வை செய்யும் உரிமை இங்கே எவருக்கும் இல்லை, அவ்வளவுதான். அண்ணை இரண்டு முறை வாசித்தார். கோபிக்கவில்லை. மேசை லாச்சியைத் திறந்து ஒரு படிவத்தை எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தார். தலைமை அலுவலகம் அனுப்பியது. உங்களுக்குக் கீழே எத்தனை பேர், வெள்ளிக்கிழமைக்குள் எழுதித் தரவும். ஆளில்லாத சுப்பவைசர் பதவிகள் நீக்கப்படும். எண்ணிக்கைக்கான கட்டத்தில் ‘ஒன்று’ என்று போட்டு, பக்கத்தில் என் பெயரை எழுதியிருந்தார்.

"தங்கச்சி, நான் உம்மட கடிதத்தில கையெழுத்து வைச்சா, இந்தப் படிவத்தில என்னத்தை எழுதுறது?"

வெள்ளிக்கிழமை வரை

வெள்ளிக்கு இன்னும் மூன்று நாள். அந்த மூன்று நாளும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இடம் கிடைத்த அன்றும் ரயிலில் எழும்பி நின்றேன். அண்ணைமேல் கோபம் வந்தது, சட்டத்தின்மேல் வந்தது, கடிதத்தை டைப் செய்த என் கையின்மேலும் வந்தது. பரந்தாமனிடம் சொன்னேன். அவர் கணக்காகப் பேசுகிற ஆள். "அவர் வேலை அவர் பாடு. நீங்க தினம் மூணு வண்டி மாறி வர்றீங்களே, அதை யாரு பாக்குறா?"

உரிமை

வெள்ளி காலை ட்ராமில் உதவி இலக்கத்துப் பிள்ளை சொன்னதை மறுபடி நினைத்துப் பார்த்தேன். சொல்கிறாரா என்பதல்ல, சொல்ல உரிமை இருக்கிறதா என்பதுதான். அண்ணைக்கு உரிமை இருக்கிறது. அதைப் பாவிக்காதது அவருடைய நல்ல குணம். என் கடிதம்தான் பொய். நேரே அண்ணையிடம் போய் அதைத் திரும்ப வாங்கிக் கிழித்தேன். "அண்ணை, உங்கட படிவத்தை அனுப்புங்கோ. நீங்கள் எனக்கு மேலதான்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடிக்க நெடுநேரம் எடுத்தது.

அவர் பதவி தப்பியது. அடுத்த மாதம் ஃபாரஸ்ட் கேட்டில், வீட்டிலிருந்து ஒரே பஸ்ஸில் போகக்கூடிய வேலை ஒன்று இருப்பதாக ஏஜென்சி அழைத்தது. நான் போனால் அடுத்த படிவத்தில் அண்ணைக்குக் கீழே பூச்சியம் விழும். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதைக் கேள்விப்பட்டதும் அண்ணை ஒரு புதிய கொப்பி வாங்கி, என் மேசைக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு, மிகுந்த பொறுப்போடு மேற்பார்வையை ஆரம்பித்தார்.

"அப்ப தங்கச்சி, நேற்று பத்து நிமிசம் பிந்தி வந்தனீர். ஏன்?"

பதினொரு இடத்தில் கதிரையைச் சூடாக விடாத நான், எனக்கு மேல் ஒருவர் இருக்கவேண்டும் என்பதற்காக, சலுகை கிடைக்காத அதே பயணத்துக்கு இப்போது விளக்கமும் எழுதிக் கொடுத்துக்கொண்டு குரோய்டனில் உட்கார்ந்திருக்கிறேன்.