அந்த நான்கு ஓட்டைகளைப் போட்டவன் நான்

செல்வராஜ் அண்ணன் போய்விட்டார் என்ற செய்தி, வத்தேகமச் சந்தையில் நான் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது வந்தது. மாரடைப்பு. குண்டசாலையில் நானும் அவரும் ஒன்பது வருடம் சேர்ந்து நடத்திய மோட்டார் சைக்கிள் கராஜை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

காற்று கூடப் போனால் எஞ்சினின் வலு கூடும் என்று நம்பி, ஏர் ஃபில்டர் பெட்டியில் ஓட்டை போடச் சொல்லிப் பலர் வருவார்கள். அண்ணன் மறுப்பார். "காத்து மட்டும் கூடுனா போதுமா? அதுக்குத் தக்கன பெட்ரோலும் போகணும். இல்லாட்டி எஞ்சின் சூடேறிச் செத்துரும்."

ஒருவர் விடவில்லை. அவரையே கலஹா ஏற்றத்தில் ஓட்டச் சொன்னார் அண்ணன். பெட்டி மூடியோடு ஒருமுறை, மூடியைக் கழற்றி ஒருமுறை. இரண்டாவது முறை நேரம் கூடத்தான் எடுத்தது. "பாத்தீங்களா, சத்தந்தான் கூடியிருக்கு. இழுவை குறைஞ்சிருச்சு" என்றார். "ஒங்க கடிகாரம் சரியில்ல" என்று சொல்லிவிட்டு அந்த மனிதர் வேறு கராஜுக்குப் போனார்.

அப்படி வேறு கராஜுக்குப் போய்க் காசைக் கொடுத்தவர்களைப் பார்த்து எனக்குப் பொறுக்கவில்லை. அண்ணன் வராத ஒரு நாளில், ஒருவருடைய வண்டியில் நானே நான்கு ஓட்டைகள் போட்டேன். இரண்டு வாரத்தில் பிஸ்டன் இறுகி, வண்டி நடு ஏற்றத்தில் நின்றது.

"யாரு இந்த வேலையச் செஞ்சது?" என்று கத்திக்கொண்டு வந்தார் வண்டிக்காரர். நான் வாய் திறக்கவில்லை. அண்ணன் என்னை ஒருமுறை பார்த்தார். "நம்ம கராஜ்லதான் செஞ்சது. நானே சரிபண்ணித் தாறேன்" என்றார்.

அந்த ஆள் அண்ணனின் படத்தைப் போட்டு, எஞ்சினை நாசமாக்கியவர் என்று முகநூலில் எழுதினார். ஊரே பகிர்ந்தது. நான் வாசித்தேன், ஒரு வரிகூட மறுத்து எழுதவில்லை. அடுத்த மாதமே அண்ணன் விலகி, ஒரு ஹார்ட்வெயார் கடையில் ஆணி நிறுக்கப் போனார்.

இறுதி ஊர்வலத்தில், அவரைக் கேலி செய்தவர்களே ஓட்டை போட்ட வண்டிகளை உறுமவிட்டு முன்னால் போனார்கள். மரியாதையாம். நான் அக்கா என்று அழைக்கும் அவர் மனைவி காதைப் பொத்திக்கொண்டார். மயானத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். அண்ணனின் கைத்திறமையைப் பற்றி மட்டும் பேசி முடித்துக்கொண்டேன். அக்கா என்னருகே வந்து, "அவரு ஒங்கள ஒரு நாளும் குறை சொல்லல தம்பி" என்றார். அக்காவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

அண்ணன் எனக்காகச் சுமந்த பழியை இனி நான் வைத்துக்கொள்கிறேன். அந்த முகநூல் பதிவு இன்னும் அப்படியே இருக்கிறது. இதை எழுதி முடித்ததும், என் பெயரோடு அதன் கீழே போடப்போகிறேன். அண்ணன் வாசிக்க மாட்டார்.