சலவைக்கடையில் லேவியராகமம்

பைபிளை முதல் பக்கத்திலிருந்து படிக்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் லேவியராகமத்தில் வந்து படுத்துவிடுவார்கள். எங்கள் போதகரே அந்த இடத்தை அவசரமாகத்தான் தாண்டுகிறார் என்பது என் சந்தேகம். என் மனைவிக்கு மட்டும் அதுதான் கற்கண்டு. "அதுல அப்படி என்னதான் இருக்கு? ஆடும் மாடும்தானே?" என்று ஒருநாள் கேட்டுத் தொலைத்தேன்.

"துணி இருக்குங்க," என்றாள்.

உண்மைதான். கறைபட்ட துணியை என்ன செய்வது என்று அதில் விலாவாரியாக எழுதியிருக்கிறது. கொண்டுவந்து ஆசாரியனிடம், அதாவது கோயில் குருவிடம், காட்ட வேண்டும். அவர் பார்த்ததும் எரித்துவிடச் சொல்வதில்லை. ஏழு நாள் அடைத்து வைப்பார், மறுபடி பார்ப்பார், பரவியிருக்கிறதா மங்கியிருக்கிறதா என்று கவனிப்பார், கழுவச் சொல்வார், திரும்பவும் பார்ப்பார். அப்புறம்தான் தீர்ப்பு. சலவைக்கடை நடத்துகிற ஒருத்தி கையில் இது கிடைத்தால் விடுவாளா?

எங்கள் கடை ஒரே அறைதான். முன்னால் இரண்டு இயந்திரங்கள், ஜன்னலோரம் என் இஸ்திரி மேசை, பின்சுவரில் ஒரு கொடி. லேசில் போகாத கறைத்துணிகள் தேதிச்சீட்டோடு அந்தக் கொடியில் தொங்கும். வாரம் முடிந்ததும் ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பாள். "போகுமா போகாதா, ஒரே வார்த்தைல சொல்லுங்க" என்று வாடிக்கையாளர்கள் குதிப்பார்கள். "இன்னும் பார்க்கலையே" என்பாள். ஒரு தடவை ஓர் அம்மா தன் புருஷனின் சட்டைக் காலரைக் கொண்டுவந்து நீட்டி, "இது உதட்டுச்சாயம்தானே? சொல்லுங்க!" என்று மூக்கைச் சிந்தினார். இவள் அசையவில்லை. "கறையைப் பத்திக் கேளுங்க, சொல்றேன். ஆளைப் பத்தி என்கிட்டக் கேட்காதீங்க," என்றாள். கடைசியில் அது தக்காளிச் சாஸ். புருஷன் தலை தப்பியது.

என் இஸ்திரி மேசையின் அடிவிரிப்பைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அது ஒரு நீலப் பட்டுப் போர்வை, எங்கள் கல்யாணத்துக்கு வந்தது. தொழில் பழகாத காலத்தில் இவளே அதன்மேல் வெளுப்பு மருந்தைக் கொட்டிவிட்டாள். நடுவில் மூன்று கால் வாத்து மாதிரி ஒரு வெள்ளைக் கறை. அது மட்டும் எந்தக் கழுவலுக்கும் மசியவில்லை. மேலே எத்தனை துணி விரித்தாலும் அந்த வாத்து ஓரமாக எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

போன வருடம் எதிர்சாரியில் ஒரு புதுச் சலவைக்கடை வந்தது. கண்ணாடிக் கதவு, புத்தம்புது இயந்திரங்கள், தனியாளாக ஓர் இளம்பெண். எங்கள் வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராகத் தெருவைக் கடந்தார்கள். அந்த நேரத்தில்தான் பக்கத்துத் தங்கும் விடுதி தன் படுக்கை விரிப்புகளை வெளியே துவைக்கக் கொடுக்க முடிவு செய்தது. அந்த வேலை கிடைத்தால் எங்கள் கடை பிழைக்கும். இல்லாவிட்டால் பூட்டிவிட்டு மகள் வீட்டு மூலையில் போய் உட்கார வேண்டியதுதான். மகள் தங்கமானவள். ஆனால் அவள் வீட்டில் என் இருமலுக்குக்கூட இடம் கிடையாது.

ஒருநாள் விடுதி மேலாளர் சிரித்த முகத்தோடு வந்தார்.

"உங்களுக்கே கொடுத்துடலாம்னு இருக்கேம்மா. எதிர்க்கடைல யாரோ குடுத்த பட்டைப் பாழ் பண்ணிட்டாங்களாம். நெட்டுல போட்டோவோட ஒரு நட்சத்திரம் போட்டுக் கிழிச்சிருக்காங்க, பாருங்க."

எனக்கு நெஞ்சு குளிர்ந்துபோயிற்று. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு நானும் அவர் போனை எட்டிப் பார்த்தேன். நீலப் பட்டு. நடுவில் மூன்று கால் வாத்து.

எங்கள் போர்வையேதான். யார் வேலை என்று யோசிக்கவே வேண்டியதில்லை. மாடி அறையில் இருக்கும் என் மச்சினன், என் மனைவியின் ஒரே தம்பி. எந்நேரமும் போனும் கையுமாகத் திரிவதால் தெருவே அவனை வைஃபை என்றுதான் கூப்பிடும். கடைகளுக்கு இணையத்தில் விளம்பரம் செய்து கொடுப்பது அவன் பிழைப்பு.

நான் அவளைப் பார்த்தேன். அவள் வாத்தைப் பார்த்தாள். வாயைத் திறந்துவிடாதே தாயே என்று கண்ணாலேயே கெஞ்சினேன்.

"சார், நாளைக்கு வாங்க. நான் இன்னும் பார்க்கலை," என்றாள்.

"எதைம்மா?"

"இந்தக் கறையை."

அவர் ஒன்றும் புரியாமல் போனார். நான் அவளைப் பிடித்துக்கொண்டேன். "நாமளா பொய் சொன்னோம்? அவராவே பார்த்தார், அவராவே நம்பினார். நீ சும்மா இருந்தாப் போதும்!"

"விஷயம் தெரிஞ்சவன் சாட்சி சொல்லாம இருந்தா அந்தப் பாவம் அவன் தலைமேலதான்னு இருக்குங்க."

"எதுல இருக்கு?"

"லேவியராகமத்துல."

"அதானே பார்த்தேன்! அந்தப் புஸ்தகத்துக்குத் துணியோட நிறுத்திக்கத் தெரியாதா?"

அவள் மேசையிலிருந்து போர்வையை உருவி எடுத்துக்கொண்டு மாடியேறினாள். நானும் பின்னாலேயே ஓடினேன். போர்வையைப் பார்த்ததுமே வைஃபைக்கு முகம் செத்துவிட்டது.

"உனக்காகத்தான்க்கா செஞ்சேன். ஊர்ல எல்லாரும் செய்யறதுதான். ஒரே ஒரு நட்சத்திரம்!"

"அந்தப் பொண்ணு ஒத்தையா நின்னு கடை நடத்துதுடா. உன் ஒரு நட்சத்திரம் அது தலைல விழுந்திருக்கு."

"சரி, அழிச்சுடறேன். விடு."

"அழிச்சாப் போதாது. பொய்யாப் போட்டேன்னு உன் பேரைப் போட்டு எழுது."

"என் மானமே போயிடும்க்கா! அப்புறம் எவன் எனக்கு வேலை குடுப்பான்?"

"கறையைக் கொண்டுபோய்க் காட்டுறதுதான்டா முதல் வேலை. மறைச்சு வெச்சாப் பரவும்," என்றாள். அவனைச் சின்ன வயதிலிருந்து தூக்கி வளர்த்தவள் அவள்தான்.

எழுத வைத்தாள். அதோடு விட்டாளா? கையைப் பிடித்து எதிர்க்கடைக்கு இழுத்துப் போனாள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் அந்தப் பெண் போர்வையைப் பார்த்தாள், வைஃபையைப் பார்த்தாள், பிறகு அழுது வீங்கிய முகத்தைத் துடைத்துக்கொண்டு ஏதோ கேட்டாள். வைஃபை தலை நிமிரவே இல்லை.

மறுநாள் மேலாளர் வந்தார். இவள் போர்வையை மேசைமேல் விரித்து நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். "நல்ல குடும்பம்மா!" என்று சொல்லிவிட்டு அவர் நேராகத் தெருவைக் கடந்து அந்தக் கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு போனார். எனக்கு வந்த கோபத்தில் ஒரே சட்டைக்குத் திரும்பத் திரும்ப இஸ்திரி போட்டேன். அவளோடு பேசவில்லை. சாயங்காலம் கொடியருகே நின்று அழுதுகொண்டிருந்தாள். "செஞ்சது சரிதாங்க. ஆனா ரொம்பக் கஷ்டமா இருக்கு," என்றாள். என் கோபம் அத்தோடு எங்கே போனதோ தெரியவில்லை.

தம்பிக்கு அவள் கொடுத்த தண்டனையும் அதே புத்தகத்திலிருந்துதான். ஏழு நாள் பேச்சு கிடையாது, எங்கள் மேசையில் சாப்பாடு கிடையாது. பயல் பூனை மாதிரி படியேறி இறங்கினான். நான் அவளுக்குத் தெரியாமல் ஒரு தட்டை மூடி மாடிப்படியில் வைப்பேன். எனக்கு எடுத்து வைக்கிற சாப்பாடு அந்த வாரம் முழுக்க இரண்டு பேருக்குக் காணும் அளவில் இருந்தது.

வாரம் முடிவதற்குள் எதிர்க்கடைப் பெண் தலைவிரிகோலமாக ஓடிவந்தாள். கை நிறைய விடுதி விரிப்புகள். அத்தனையும் ரோஜா நிறம்.

"அக்கா, உள்ள ஒரு சிவப்புத் துண்டு கிடந்ததைப் பார்க்காம போட்டுட்டேன். எனக்கு வேற யாரையும் தெரியாதுக்கா."

என் மனதில் ஓடியதைச் சொல்வதற்கென்ன. 'போகாதும்மா' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வேலை தானாக எங்கள் கடைக்குத் திரும்பிவிடும். இவள் விரிப்பை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தாள்.

"காயலை இன்னும். காயாத சாயம் போயிடும். ஏங்க, வெந்நீர் வேண்டாம், பச்சைத்தண்ணி பிடிங்க."

முனகிக்கொண்டே பிடித்தேன். வேறென்ன செய்ய? அன்று முழுக்க மூன்று பேரும் முழங்கை வரை நனைந்தோம். விரிப்புகள் வெள்ளையாகத் திரும்பின.

மேலாளருக்கு அது தெரிய வந்தே இருக்காது. ஆனால் அந்தப் பெண் தானாகப் போய்ச் சொல்லிவிட்டாள். "நீங்க அன்னைக்குச் சொன்னீங்கல்லக்கா, அதான் நானும் சொல்லிட்டேன்," என்றாள். மேலாளர் எங்கள் கடை வாசலில் வந்து நின்று கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார். பிறகு, துவைப்பது அங்கே, கறையும் இஸ்திரியும் இங்கே என்று பிரித்துக் கொடுத்துவிட்டுப் போனார். மகள் வீட்டு மூலை இனி மகளுக்கே.

ஏழாம் நாள் சாயங்காலம் என் மனைவி மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். வைஃபை இறங்கி வந்தான். இளைத்திருந்தான். அவனை ஜன்னல் பக்கம் இழுத்து, முகவாயைப் பிடித்து, வெளிச்சத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"போயிருக்கு," என்றாள். சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது.

அவன் "அக்கா" என்று அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டான். பிறகு பசியோடு நாற்காலியை இழுத்தான்.

"இருடா. கறை போயிருந்தாலும் ரெண்டாவது தடவை கழுவணும்னு எழுதியிருக்கு," என்று மூலையில் குவிந்து கிடந்த கறைபட்ட விடுதி விரிப்புகளைக் காட்டினாள்.

சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தான். அவன் பங்குச் சாப்பாட்டை நான் மேசையிலேயே மூடி வைத்தேன். அவள் உள்ளே போனதும் மெதுவாக என்னிடம் கேட்டான்: "மாமா, மூணாவது தடவைன்னும் ஏதாவது எழுதியிருக்கா?"

"யாருக்குத் தெரியும் மாப்ளே," என்றேன். "அந்தப் பக்கம் வந்ததும் நான் தூங்கிடுவேன்."