அவள் வேண்டாமென்ற பால்

இதை எழுத வேண்டுமென்று பல வருஷமாக நினைத்தும் கை வரவில்லை. சாமியைக் குறை சொன்ன மாதிரி ஆகிவிடுமோ என்று பயம். இப்போது அந்தப் பயம் இல்லை. குறை என்னுடையது.

எழுபதுகளின் தொடக்கம். விருத்தாசலத்தில் பீங்கான் சூளைக்குத் தீ போடுகிற வேலை எனக்கு. முப்பது வயதைத் தாண்டிய என் மனைவிக்குத் தண்ணீர்க் குடத்தை இறக்கும்போது மணிக்கட்டு முறிந்தது. அது கூடுமுன் விலா எலும்பு ஒன்று, வெறும் இருமலுக்கு. எலும்பில் சுண்ணாம்புச் சத்து இல்லை, பால் கொடு என்றார்கள் அக்கம்பக்கத்தில். தினமும் பால் கொடுத்தேன். வெள்ளிதோறும் அம்மனுக்குப் பாலபிஷேகம் செய்து, அந்தப் பாலைச் செம்பு நிறைய வாங்கி வந்தேன்.

"வாணாங்க. கொடலப் பொரட்டுது. தண்ணி குடுங்க, போதும்."

"பிரசாதத்த வாணாம்னு சொல்லக் கூடாது. கண்ண மூடிக்கிட்டு குடி."

"அம்மன் மேல ஊத்துனா வழிஞ்சு போயிடுது. என் வயித்துல எங்கங்க போவும்?"

எதிர்வீட்டு அக்கா சிரித்தாள். "எங்க வூட்டுல டீக்கே பாலு இல்ல. செம்பு செம்பா ஊத்துறாரு, மொகத்த சுளிக்கிறியே."

அவளும் சிரித்துக்கொண்டு குடித்தாள். பிறகு தோட்டத்துப் பக்கம் போய் வாந்தி எடுத்தாள். பக்திக் குறைவு என்றெண்ணி இரண்டு நாள் அவளோடு பேசாமல் இருந்தேன்.

இடுப்பு வலியில் துடித்தபோதுதான் பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். ரத்தத்தைப் பார்த்த டாக்டர், "சுண்ணாம்பு கொறச்சல் இல்லைங்க, ரொம்ப அதிகம்" என்றார். கழுத்தில் அரிசி அளவில் நாலு சுரப்பி இருக்கிறதாம். ரத்தத்தில் சுண்ணாம்பு குறைந்தால் எலும்பிலிருந்து எடுத்து ரத்தத்தில் விடச் சொல்லும், போதுமானால் நிறுத்தும். இவளுக்கு ஒன்று வீங்கி, போதும் என்பதே அதற்குத் தெரியாமல் போய்விட்டது. சூளைச் சுவரின் ஓட்டை வழியே தீயின் நிறம் பார்த்துத்தான் நாங்கள் கரி போடுவோம். பார்க்கிறவனுக்குக் கண் கெட்டால் போட்டுக்கொண்டேதான் இருப்பான்.

"பாலு குடுத்தீங்களா?"

"குடுத்தேங்க."

"வாந்தி எடுத்தாங்களா?"

"எடுத்துதுங்க."

"நோய் பாலால வரலைங்க. ஆனா அவங்க ஒடம்பு வாணாம்னு சொல்லியிருக்குது."

கழுத்தில் ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். அதற்குள், ரத்தத்தில் ஏறிய சுண்ணாம்பு படிந்து சிறுநீரகங்கள் இரண்டும் நின்றுபோயின. குறித்த நாளுக்கு முந்தின நாள் காலையில் போய்விட்டாள்.

இன்றும் வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகிறேன். அம்மன்மேல் எனக்கு வருத்தமில்லை. இதைப் படிக்கிறவர்கள் யாரிடமாவது சொல்வதானால், கோயில் பால் கொன்றது என்று சொல்ல வேண்டாம். விதி என்று சொல்லி என்னைக் காப்பாற்றவும் வேண்டாம். அவள் வேண்டாமென்றாள், புருஷன் குடிக்க வைத்தான் என்று, நடந்தது நடந்தபடியே சொல்லுங்கள்.