கறையான் தின்ற தையல் மார்க்கு

யுத்த காலத்தில் சேலத்தில் ஒரு பெண்கள் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் படித்தேன். அங்கே தையலுக்கும் மார்க்கு உண்டு; அதில் தவறினால் மொத்தத்திலும் பெயில். தைத்து முடித்ததைப் பள்ளியிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். வருடக் கடைசியில் இன்ஸ்பெக்டரம்மா வந்து பார்த்து மார்க்குப் போடுவார்.

விடுதியில் எனக்கு அடுத்த பாயில் படுத்தவள் சங்ககிரிப் பக்கத்துக் குடியானவர் வீட்டுப் பெண். அவள் தைத்த குழந்தைச் சட்டையில் தையல் எங்கே ஓடுகிறது என்று தேடித்தான் பார்க்க வேண்டும். எனக்குக் கை வராது. பொத்தான் துளை முடியாமல் என் சட்டை என்னிடமே கிடந்தது. மற்றவர்களுடையதைத் தலைமையாசிரியை ஒரு மரப்பெட்டியில் போட்டு, மண்தரை அறையில் மாதக்கணக்கில் பூட்டி வைத்திருந்தார். திறந்தபோது உள்ளே கறையான் புற்றும் கந்தலும்தான்.

"திரும்பத் தைத்துக் கொடுங்கள்" என்றார் அவர், அவ்வளவுதான். துணி கண்ட்ரோலில் இருந்த காலம். டவுன் பெண்கள் எப்படியோ துணி பிடித்துவிட்டார்கள். அந்தச் சங்ககிரிப் பெண்ணின் அப்பா கடை கடையாய் அலைந்தும் ஒரு கெஜம் கிடைக்கவில்லை.

இன்ஸ்பெக்டரம்மா வந்தார். "இந்தப் பெண் ஒப்படைக்கவில்லை" என்றார் தலைமையாசிரியை.

"குடுத்தனுங்க. பள்ளிக்கூடத்துப் பொட்டியில கறையான் அரிச்சுப்போச்சுங்க" என்றாள் அவள்.

"ஆமாங்க, நானும் பாத்தனுங்க" என்றேன் நான்.

"கண்ணால் பார்ப்பதற்குத்தான் நான் மார்க்குப் போட முடியும்" என்று சொல்லிவிட்டு, இன்ஸ்பெக்டரம்மா என் கோணல் சட்டையைக் கையில் எடுத்தார். நான் பாஸ். அவள் பெயில்.

அழைத்துப்போக வந்த அவள் அப்பாவிடம், அடுத்த வருடம் மறுபடி எழுதலாம் என்றார் தலைமையாசிரியை. "ஒரு வருசம் படிக்க உட்டதே போதுமுங்க" என்று சொல்லி அப்பா அவளுடைய டிரங்குப் பெட்டியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார். அவள் அழவில்லை. என்னிடம், "வாரேன் புள்ள" என்று மட்டும் சொன்னாள்.

ஏழெட்டு வருடம் கழித்து அவளைக் கட்டிக்கொடுத்த ஊர்ப் பள்ளிக்கே எனக்கு மாற்றல் வந்தது. மகளை ஒண்ணாம் வகுப்பில் சேர்க்க வந்தவள், என்னைக் கண்டதும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.

"உள்ள வா புள்ள" என்றேன்.

"இருக்கட்டுங்க டீச்சர்" என்றாள்.