மேற்படி சித்தி

மளிகைச் சாமான் சீட்டைச் சித்தி என்னிடமே திருப்பிக் கொடுக்கிறாள். “தேதி இல்ல. யாருக்குன்னு இல்ல. சோப்புன்னா எந்த சோப்பு, குளிக்கவா துவைக்கவா? மேற்படி சீட்டு செல்லாது.” சீட்டை எழுதியது என் அம்மா, அதாவது சித்தியின் சொந்த அக்கா. நான் சித்தியின் மாடி வீட்டிலிருந்து கீழே இறங்கிப் போய் விஷயத்தைச் சொன்னால், இவளிடம் ஒரு வாய்த் தண்ணீர் வேண்டுமானாலும் முத்திரைத் தாளில்தான் கேட்க வேண்டும் போல என்று அம்மா முனகுவாள். முனகிக்கொண்டே தேதி போடுவாள். அப்புறம்தான் எங்கள் வீட்டுக்கு சோப்பு வரும்.

சித்திக்கு வயது நாற்பத்தொன்று. நீதிமன்றத்துக்கு எதிரே ஒரு வக்கீல் ஆபீசில் பத்தொன்பது வருடமாக டைப் அடிக்கிறாள். ஆபீசில் அவளுக்குப் பெயர் கிடையாது, டைப்பம்மா. வீட்டில் நான் வைத்த பெயர் மேற்படி சித்தி. காரணம், யாராவது சித்தப்பாவைத் தேடி வந்தால், “மேற்படியாளர் குளிச்சிட்டிருக்கார், உக்காருங்க” என்பாள். சிரிக்காமல் சொல்வாள். வந்தவர்தான் தப்பான வீட்டுக்கு வந்துவிட்டோமோ என்று கதவு எண்ணைப் பார்ப்பார்.

எதைக் கேட்டாலும் முதலில் வாய்தா. கடைக்குப் போகலாமா? புதன்கிழமைக்கு வாய்தா. ஜன்னலுக்குத் திரை மாற்றலாமா? நிலுவையில் இருக்கிறது. நான் பத்தாம் வகுப்பை இரண்டாம் முறை எழுதக் காத்திருப்பவள். ஊரே பெயில் என்று சொல்லும் விஷயத்தை, சித்தி மட்டும் “மறுவிசாரணை” என்பாள். அந்த ஒரு சொல்லுக்காக அவளை நான் பல குற்றங்களிலிருந்து விடுதலை செய்திருக்கிறேன்.

அவள் வேலை செய்வதைப் பார்க்க வேண்டும். மாலையில் அவளை அழைத்துவரப் போகும் சாக்கில் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து நான் பார்த்திருக்கிறேன். இரும்பு அலமாரிக்கும் ஜன்னலுக்கும் நடுவில் அவள் மேஜை. ஜன்னலுக்குக் கொக்கி இல்லை. ஒரு பழைய வழக்குக் கட்டை முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அந்த வழக்கில் வாதியும் பிரதிவாதியும் செத்துப்போய்விட்டதால் கட்டைத் தேடி யாரும் வருவதில்லை. வக்கீல் அய்யா நடந்துகொண்டே சொல்வார், சித்தி அவருடைய செருப்பைப் பார்த்துக்கொண்டே அடிப்பாள். செருப்பு திரும்பினால் கமா. நின்றால் முற்றுப்புள்ளி. அய்யா கழிவறைப் பக்கம் போனால் புதுப் பத்தி.

அடித்து முடித்ததும் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தையும் தேதியையும் காலியாக விடுவாள். பக்கத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டு, தாளைக் கட்சிக்காரர் பக்கம் திருப்பி வைப்பாள். “இங்க போடுங்க.” இந்தப் பத்தொன்பது வருடத்தில் எத்தனை ஆயிரம் பெருக்கல் குறி போட்டிருப்பாளோ, எதிலும் அவள் கையெழுத்து கிடையாது.

ஒரு தையற்காரி வந்தாள். வாடகைக்கு இருந்த கடையைக் காலி செய்யச் சொல்லித் தீர்ப்பு. அதை எதிர்த்து மேல்முறையீடு. முப்பது நாளுக்குள் போட வேண்டும். அய்யா ஊரில் இல்லை, அப்புறம் அய்யாவுக்குச் சளி. கடைசியில் அவர் சொல்லச் சொல்லச் சித்தி அடித்த அன்று, சுவர் காலண்டர்படி முப்பத்துமூன்றாம் நாள். தாமதத்தை மன்னிக்கச் சொல்லித் தனியாக ஒரு மனு கூடவே போக வேண்டும். அய்யா அதைச் சொல்லவில்லை. சித்தி அடிப்பதை நிறுத்தி, “சார், தாமத மனு?” என்று கேட்டாள். அவர் செருப்பு நிற்கவில்லை. “சொன்னத அடிம்மா.”

அடித்தாள்.

மேல்முறையீடு குறையோடு திரும்பி வந்தது. குறையைச் சரிசெய்வதற்குள் கடைக்கு வேறு பூட்டுப் போட்டாகிவிட்டது. காகிதங்களை வாங்கிப் போக வந்த தையற்காரி யாரையும் திட்டவில்லை. சித்தியின் மேஜை முன்னால் நின்று, தையல் பிரிக்கிற மாதிரி கட்டை ஒவ்வொரு தாளாகப் புரட்டினாள். “நீங்க மட்டும்தாம்மா ஒரு தப்பும் இல்லாம பண்ணிருக்கீங்க. என்ன அழகா அடிச்சிருக்கீங்க.” நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று மாலையிலிருந்து சித்திக்கு ஒரு புதுப் பழக்கம். ஆபீசைப் பூட்டும் முன் கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டி, ஊக்கின் முனையால் ஒவ்வொரு எழுத்தின் இடுக்கையும் சுத்தம் செய்வாள். நான் பெஞ்சில் காத்திருப்பேன். அந்த வாரக் கடைசியில்தான் சட்டக் கல்லூரி விண்ணப்பம் வீட்டுக்கு வந்தது. மூன்று வருடப் படிப்பு; ஏற்கெனவே ஒரு பட்டம் இருந்தால் போதும். சித்தி தபாலில் படித்து வாங்கிய பட்டம் கடிகாரத்துக்குப் பின்னால் இருந்தது. எடுத்ததும் கடிகாரம் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

விண்ணப்பத்தைக் கல்லூரியில் யாரும் பார்த்திராத அழகில் அடித்து அனுப்பினாள். பத்து நாளில் திரும்பி வந்தது. கையெழுத்து வேண்டிய நாலு இடத்திலும் காலி. தேதி காலி. நாலு இடத்திலும் பக்கத்தில் பென்சிலில் சின்னப் பெருக்கல் குறி. மேலே சிவப்பு மையில் யாரோ எழுதியிருந்தார்கள்: “விண்ணப்பதாரர் யார்? வெள்ளி மாலை மூன்று மணிக்குள் நேரில் வரவும்.”

நான் தரையில் விழுந்து சிரித்தேன். சித்தி சிரிக்கவில்லை. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “பாத்தியா, எனக்கே தெரியல” என்றாள்.

அப்புறம் ஆரம்பித்தது வாய்தா. போவதா வேண்டாமா என்று சித்தப்பா திங்கட்கிழமை கேட்டார், செவ்வாய்க்கு வாய்தா. செவ்வாய்க்கிழமை அம்மா கேட்டாள், புதனுக்கு. நடுவில் வக்கீல் அய்யாவிடமும் சொல்லியிருக்கிறாள். காலை வகுப்பு, மதியம் வந்து அடித்துத் தருகிறேன் என்று. அரை நாள் டைப்பம்மா எனக்கு எதற்கு, நாற்காலியை வேறு ஆளுக்குக் கொடுக்க வேண்டியிருக்கும் என்று அவர் சொன்னாராம். கோபமாக இல்லை, பிரியமாகவே சொன்னாராம். “நீ ஏற்கெனவே பாதி வக்கீல்தானேம்மா. இதுக்கு மேல எதுக்குப் படிப்பு?” சித்தி வீட்டுக்கு வந்து வெங்காயம் உரிக்கும்போது என்னிடம் கேட்டாள்: “மீதிப் பாதி எங்கடி இருக்கு?”

புதன்கிழமை அவள் மனு அடித்தாள். மனுதாரர், சித்தி. எதிர்மனுதாரர், அதே சித்தி, அதே முகவரி. மனுவில், மனுதாரருக்குச் சட்டம் படிக்க விருப்பம் என்றும், அதற்கான தகுதி கடிகாரத்துக்குப் பின்னால் இருந்தது என்றும், படிப்பு முடியும்போது மனுதாரருக்கு நாற்பத்துநாலு, வக்கீல் அய்யாவுக்கு எழுபத்தொன்று, அய்யா அப்போதும் வாதாடிக்கொண்டிருப்பார் என நம்ப இடமுண்டு என்றும் கண்டிருந்தது. எதிர்மனு அதைவிட நீளம். மேற்படி மனுவில் வயதைத் தவிர மற்ற அனைத்தும் மறுக்கப்பட்டிருந்தன. எதிர்மனுதாரர் பத்தொன்பது வருடமும் உட்கார்ந்தே வேலை செய்தவர். நின்றுகொண்டு பேசிப் பழக்கமில்லாதவர். அவருக்குத் தெரிந்தது மார்ஜின் விடுவது. நாற்காலி போய்விட்டால் அவர் யார் என்பது விளங்கவில்லை.

இரண்டையும் கட்டித் தன் கணவர் முன் வைத்தாள். சித்தப்பா ஃப்ரிட்ஜ் பழுது பார்ப்பவர். கையைத் துடைத்துக்கொண்டு இரண்டையும் முழுசாகப் படித்தார். “ரெண்டு பக்கமும் நியாயமாத்தான் இருக்கு” என்றார். அதன் மேலேயே டீ டம்ளரை வைத்தார். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் எதுவும் வராது. ஃப்ரிட்ஜிடம்தான் நிறையப் பேசுவார்.

ஆகவே வியாழக்கிழமை காலை நான் தீர்ப்பு எழுதினேன். பாட்டில் மூடியை மையில் தோய்த்து முத்திரையும் வைத்தேன். இரு தரப்பும் கேட்கப்பட்டது. மனுதாரர் வெள்ளி மூன்று மணிக்குள் கல்லூரிக்குப் போய்ச் சேர வேண்டியது. தவறினால் எதிர்மனுதாரரின் மூக்குக் கண்ணாடி ஆறு மாதம் தலைமறைவாக இருக்கும். சித்தியின் சாப்பாட்டுப் பையில் செருகி அனுப்பினேன். மாலையில் பென்சில் குறிப்போடு திரும்பி வந்தது. “எண் இல்லை. இரு தரப்பும் கேட்கப்படவில்லை. எழுதியவர் ஒட்டுக் கேட்டார். காரணம் சொல்லப்படவில்லை. காரணம் சொல்லாத தீர்ப்பு நிற்காது.”

எண் போட்டேன். ஒட்டுக் கேட்டதை ஒப்புக்கொண்டேன். காரணத்துக்குத்தான் வெகுநேரம் ஆனது. எனக்குக் கட்டுரை எழுத வராது. அதனால்தான் மறுவிசாரணையில் இருக்கிறேன். கடைசியில் தெரிந்ததை எழுதினேன். “காரணம்: தையற்காரி போன நாளிலிருந்து சித்தி தினமும் கீபோர்டைச் சுத்தம் செய்கிறாள். நான் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். அதில் அழுக்கு இல்லை.”

அந்தத் தாள் திரும்பி வரவில்லை.

வெள்ளிக்கிழமை இரண்டரை மணிக்குக் கல்லூரி ஆபீசில் நின்றோம். கவுன்டர்காரர் என்னைப் பார்த்து, “பாப்பா, மார்க் சீட் கொண்டுவந்தியா?” என்றார். என் மார்க் சீட்டைக் காட்டினால் கல்லூரியை மூடிவிடுவார்கள். சித்தியைக் கை காட்டினேன். சித்தி நீட்டிய விண்ணப்பத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு அவர் திருப்பித் தள்ளினார். சித்தி பையிலிருந்து பென்சிலை எடுத்தாள், அழிந்திருந்த பெருக்கல் குறியை மறுபடி போட்டாள், தாளைத் திருப்பி என் பக்கம் வைத்தாள்.

“சித்தி, கட்சிக்காரர் நீதான்” என்றேன்.

தாளைத் தன் பக்கம் திருப்பிக்கொள்ள அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. போட்டாள். கையெழுத்து என்று சொல்ல முடியாது. பெயரை முழுசாக, ஸ்கூல் பிள்ளை மாதிரி, ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். கவுன்டர்காரர் உற்றுப் பார்த்தார். “இதான் உங்க கையெழுத்தாம்மா?”

“இனிமே இதான்.”

வகுப்பு தொடங்கப் பதினைந்து நாள் இருந்தது. ஆறு நோட்டு வாங்கி, அச்சிட்ட மார்ஜினை நம்பாமல், எல்லாப் பக்கத்திலும் அடிக்கோல் வைத்து மார்ஜின் போட்டாள். ஆபீசில் புதிதாக வந்த பெண்ணுக்கு அய்யாவின் செருப்பைப் படிக்கச் சொல்லிக் கொடுத்தாள். வீட்டில் சித்தப்பா அடுப்புப் பக்கம், இவள் வாசல் பக்கம் நின்று செய்தித்தாள் வாசித்தாள். சித்தப்பா “கேக்கல” என்பார். இன்னொரு தரம் வாசிப்பாள். “இன்னும் கேக்கல.” கேட்காமல் இருக்க அவருக்குக் காது மந்தமில்லை, நான் கேட்டபோது, ரெண்டு தரம் வாசித்தால் நல்லதுதானே என்றார். கீழ்வீட்டிலிருந்து அம்மாதான் கத்தினாள், எனக்கு நல்லாக் கேக்குது, வானிலையை மட்டும் திரும்பப் படிக்காதே என்று.

முதல் நாள் கண்ணாடியை மறந்துவிட்டுப் போனாள். அது நான் ஒளித்து வைத்தது அல்ல, யாரும் நம்பவில்லை. கொடுக்கப் போனபோது காவலாளி தடுத்தார். என் பொண்ணுக்கு இன்னிக்கு முதல் நாள், பயந்துக்கும் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு வழி விட்டார்.

வகுப்பு தொடங்கியிருந்தது. கண்ணாடியைக் கதவோரம் இருந்த பெண்ணிடம் கொடுத்தேன்; அது கை மாறி மாறி மூன்றாவது வரிசைக்குப் போனது. சுற்றிலும் இருபது வயதுப் பிள்ளைகள், நடுவில் சித்தி. பேராசிரியர் நடந்துகொண்டே குறிப்புச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் வராந்தா ஜன்னலில் நின்றேன். மேல்முறையீட்டுக்கு நாள் கணக்கு எண்ணும் விதத்துக்கு ஓர் உதாரணம் சொன்னார். தீர்ப்பு வந்த நாளையும் சேர்த்து எண்ணி, முப்பதாவது நாள் பதினாலாம் தேதி என்றார். தீர்ப்பு வந்த நாள் கணக்கில் சேராது என்பது எங்கள் வீட்டில் எனக்கே தெரியும். அறுபது பேனாவும் 14 என்று எழுதின. சித்தியின் பேனாவும் அதில் 1 வரை எழுதியது.

நின்றுவிட்டது. அவர் அடுத்த வாக்கியத்துக்குப் போய்விட்டார், அதற்கடுத்ததற்கும். சித்தி எழுதவில்லை. பேனாவை மூடினாள். நோட்டின் மேல் நேராக வைத்தாள். வலது கை மேஜையை விட்டு எழுந்து, காதோரத்து முடியை ஒதுக்கப் போவது போல அங்கேயே கொஞ்சம் நின்றது. முடி ஒழுங்காகத்தான் இருந்தது. பிறகு முழங்கை நிமிர்ந்து, கை தலைக்கு மேலே போனது.