அப்பாவின் மூக்கும் ஒரு பிடி தவிடும்

எங்கள் வீட்டு ஆல்பத்தில் அப்பாவைத் தேடினால் பாதி அப்பாதான் கிடைப்பார். அண்ணன் கல்யாணத்தில் ஒரு தோள். என் காதுகுத்தில் ஒரு கை. அவருடைய கல்யாணப் படங்களில்கூடத் தலை குனிந்தே இருக்கிறார். கேமரா தன் பக்கம் திரும்பினால் போதும், பந்தியில் சாம்பார் போகிறதா பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பிவிடுவார். காரணம் மூக்கு. மூக்கு நுனியிலும் இரண்டு பக்க மடிப்பிலும் கடுகு தூவியது மாதிரி கரும்புள்ளிகள், கண்ணோரம் இரண்டு பெரியவை.

வைகாசியில் அவருக்கு அறுபது நிறைகிறது, திருக்கடையூரில் மாலை மாற்றுவது என்று பேசி முடித்தாயிற்று. என்ன புடவை வேண்டும் என்று அண்ணன் துபாயிலிருந்து கேட்டான். அம்மா புடவையைப் பற்றியே பேசவில்லை.

"எனக்கு ஒரு போட்டோ வேணும்டா. ரெண்டு பேரும் நேராப் பாக்குற மாதிரி. அதுதான்."

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "கோயிலுக்கு வர்றேன், மாலை போட்டுக்கறேன். போட்டோவுல மட்டும் என்னை விட்டுடுங்க."

அம்மா ரசத்தை எடுக்க உள்ளே போனாள். போட்டோ பேச்சை அவள் அதோடு விட்டுவிட்டது எனக்குப் பிடிக்கவில்லை.

நான் வேதியியல் முடித்துவிட்டு, மேலே படிப்பதா வேலைக்குப் போவதா என்று தெரியாமல் வீட்டில் இருந்த மாதங்கள் அவை. சம்பா அறுவடை முடிந்திருந்தது. கைக்கு ஏதாவது வேலை கிடைக்காதா என்றிருந்த எனக்கு ஒரு மூக்கு கிடைத்தது.

அன்று சாயங்காலமே அப்பாவை முற்றத்து வெளிச்சத்தில் உட்காரவைத்து, ஃபோன் டார்ச்சை அடித்துப் பார்த்தேன்.

"போவாது பாப்பா. தினம் சோப்பு போட்டுத் தேய்க்கிறேன். சேத்துலயே கெடக்குற ஆளு, அழுக்கு உள்ள ஏறிப்போச்சு."

"அழுக்கே இல்லப்பா இது. தோல்ல சுரக்குற எண்ணெய் துவாரத்துல அடைச்சுக்குது. காத்து படுற மேல்பக்கம் மட்டும் கறுத்துப்போவுது. அரிஞ்சு வச்ச வாழைக்காய் கறுக்குதுல்ல, அந்த மாதிரி."

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். "அழுக்கு இல்லியா?"

"இல்லவே இல்ல."

மூக்கை ஒரு தரம் விரலால் தடவிக்கொண்டார். முகம் கழுவாத ஆள் என்று ஊர் நினைக்கிறது, இத்தனை வருஷமும் அந்த எண்ணத்தோடுதான் மனிதர் நடமாடியிருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. "வாழைக்காய் கறுக்காம இருக்க மோருல போடுவோம். உங்கப்பாவ எதுல போடுறது?"

இட்லிப் பானையில் போட்டோம் என்றுதான் சொல்ல வேண்டும். தண்ணீர் கொதித்ததும் பானையை இறக்கிவைத்து, முகம் சுடாத தூரத்தில் தலையில் துண்டைப் போர்த்தி ஆவி பிடிக்கவைத்தேன். பிறகு பயத்தமாவைத் தயிரில் குழைத்து மூக்கில் பூசி, விரல் நுனியால் மெதுவாக வட்டம் போட்டு, வெதுவெதுப்பான நீரில் கழுவினோம். பயறு போன வருஷம் எங்கள் வயலில் விளைந்தது. எலுமிச்சைச் சாறும் சோடா உப்பும் தடவச் சொன்ன வீடியோக்களை ஒதுக்கிவிட்டேன். பாத்திரம் துலக்க அது சரி, மூக்குக்கு ஆகாது.

பங்குனி பிறந்தபோது நுனியில் நாலைந்து புள்ளிகள் வெளுத்திருந்தன. எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்பாவுக்கும்தான். டீக்கடையில் அவருடைய சிநேகிதர், "என்னா மச்சான், மூக்கு மினுக்குது? அறுபதுல மாப்பிள்ளை முறுக்கா?" என்று கேட்டாராம். அதை வீட்டில் வந்து இரண்டு தரம் சொன்னார்.

வினை அங்கேதான் ஆரம்பித்தது. பேச்சுவாக்கில் நான், நன்றாகச் சலித்த அரிசித் தவிடும் போடலாம் என்று சொல்லியிருந்தேன். சலித்த என்ற சொல் அவருக்கு ஒரு பொருட்டாகவே தோன்றவில்லை. மறுநாள் மில்லிலிருந்து மாட்டுக்கு வந்த மூட்டையில் ஒரு பிடி அள்ளிக்கொண்டு குளிக்கப் போர்செட்டுக்குப் போய்விட்டார். உமியும் நொய்யும் கலந்த தவிடு. தேய்த்ததோ மாட்டைத் தேய்த்துப் பழகிய கை.

திரும்பி வந்தபோது மூக்கு பழுத்த மிளகாய் நிறத்தில் இருந்தது.

"எரியுதாப்பா?"

"சுறுசுறுன்னு இருக்கு. வேலை செய்யுது போலன்னு இன்னும் கொஞ்சம் தேச்சேன்."

அம்மா தலையில் கைவைத்துக்கொண்டாள். "ஏங்க, மூக்கில்லாத மாப்பிள்ளைய வச்சா நான் மாலை மாத்துறது?"

ராத்திரிக்குள் மூக்கின் மேல் நீர் கோத்துவிட்டது. காலையில் பொருக்குக் கட்டியிருந்தது. அப்பா வெளியே போகவில்லை. "விட்டுடு பாப்பா" என்றார். "முன்னாடி வெறும் புள்ளிதான் இருந்துச்சு. இந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு போட்டோவாவது, ஒண்ணாவது."

நான் விடவில்லை. ஆனால் எல்லாவற்றையும் நிறுத்தினேன். ஆவி இல்லை, மாவு இல்லை, சோப்பும் இல்லை. கிணற்றடிக் கற்றாழையில் ஒரு மடலைக் கீறி, மஞ்சள் பால் முழுக்க வடிந்த பிறகு உள்ளிருக்கும் சோற்றை எடுத்து, முதலில் அவர் கையில் தடவிப் பார்த்துவிட்டு மூக்கில் வைத்தேன். வெயிலுக்கு முன்னால் வயலைப் பார்த்துவிட்டு வந்துவிட வேண்டும் என்று அம்மா கட்டளை போட்டாள். துறுதுறுக்கிற எனக்குச் சும்மா இருப்பதுதான் மிகவும் கஷ்டமான வைத்தியமாக இருந்தது. தினம் காலையில் எழுந்ததும் மூக்கைப் பார்ப்பேன். ஒரு நாள் பொருக்கு தானாக உதிர்ந்து, கீழே இளந்தோல் தெரிந்தது.

வயலில் இந்த வருஷப் பயறு எடுத்து முடித்த பிறகு மறுபடி தொடங்கினோம், இந்த முறை வாரத்துக்கு ஒருமுறை மட்டும். மடிப்பில் இருந்தவை சிறுத்தன. நுனி ஏறக்குறையச் சுத்தமானது. கண்ணோரம் இருந்த இரண்டு பெரிய புள்ளிகளை நான் தொடவில்லை. அதற்குத் தோல் டாக்டர்தான் வேண்டும் என்றேன். போனவையும் திரும்ப வரும் என்று சொல்லிவிட்டேன்.

"களை மாதிரியா?"

"அதே மாதிரிதான்."

"அப்ப அப்பப்ப பாத்துக்க வேண்டியதுதான். வைகாசி முடியட்டும், டாக்டரையும் பாத்துடுவோம்." அவராகவே சொன்னார்.

திருக்கடையூரில் கலச நீர் ஊற்றி, ஈரத்துணி மாற்றி, மாலை மாற்றி முடிந்ததும் போட்டோக்காரத் தம்பி இருவரையும் பிராகாரத்தில் நிறுத்தினார். "ஐயா, கொஞ்சம் நேராப் பாருங்க."

அப்பாவின் கை தன் பாட்டுக்கு மூக்கை நோக்கிக் கிளம்பியது.

"கைய எறக்குங்க" என்றாள் அம்மா, உதடு அசையாமல். "அது பத்திரமா அங்கயேதான் இருக்கு."

அப்பா சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு போவதற்குள் கேமரா சொடுக்கியது.

தம்பி படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். "கண்ணுகிட்ட ரெண்டு புள்ளி தெரியுதுங்கய்யா. எடுத்துடவா?"

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். புள்ளியை மட்டுமா பார்த்தார், முழுப் படத்தையும் பார்த்தார். தன் முகத்தை, பக்கத்தில் அம்மாவின் முகத்தை, மறுபடி தன் முகத்தை.

"இருந்துட்டுப் போவுது தம்பி. இன்னொண்ணு எடுங்க."

"இதுவே நல்லாருக்குங்க, வெயில் ஏறுது" என்று அம்மா நகரப் பார்த்தாள்.

"இரு" என்றார் அப்பா, மாலையைச் சரிசெய்துகொண்டே. "இப்பதானே வந்து நிக்கிறேன்."